இரண்டு கிலியான்களுக்கு வரைந்தவர்

எங்கள் நியூ ட்ரெஃபர்ட்டில் தெரு என்று சொல்லக்கூடியது ஒன்றுதான். முனையில் தீவனக் கிடங்கு, நடுவில் மதுவிடுதி, எதிரே பள்ளிக்கூடம். இவற்றுக்குப் பின்னால், யாரோ மறந்து வைத்துவிட்டுப் போனதுபோல, இரட்டைக் கோபுரத்தோடு ஒரு பெரிய கத்தோலிக்கக் கோயில் நிற்கிறது. மினசோட்டாவில் எங்கள் பக்கம் நிலம் தட்டை. மக்காச்சோளம் அறுத்து முடித்துவிட்டால் அடுத்த வட்டாரத்திலிருந்தே கோபுரங்கள் தெரியும். வழி தவறி வருகிறவர்கள் விடுதியில் இறங்கி, "முன்னாடி இங்க பெரிய நகரம் ஏதாவது இருந்துச்சா?" என்று கேட்பார்கள். "இல்ல, தபால் மாறி வந்துடுச்சு" என்று யாராவது பதில் சொல்லிவிட்டு பியரைக் குடிப்பார்கள். அதற்கு மேல் விளக்கம் கிடைக்காது.

நான் அந்த ஊரில் பிறந்தவள். ரோஸ்விதா ஹென்னிங் என்று பெயர். பக்கத்து மடத்தார் நடத்தும் கல்லூரியில் ஆவணக் காப்பகத்தைப் பார்த்துக்கொள்கிற வேலை. கோயிலை வரைந்த ஓட்மார் கெர்லாக் என்பவர் எனக்கு நெடுநாள் வரை மூலைக்கல்லில் வெட்டிய பெயராக மட்டுமே இருந்தார். 1967 இலையுதிர் காலத்தில் அவர் மகள் எல்ஃப்ரீடா தன் பழைய காரின் பின்புறம் முழுக்க வரைபடச் சுருள்களை ஏற்றிக்கொண்டு எங்கள் வாசலில் வந்து நின்றார்.

எண்பதை நெருங்கிய, நெடுநெடுவென்ற பெண்மணி. செயின்ட் பால் நகரத்தில் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக் கொடுத்து ஓய்வு பெற்றவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஒவ்வொரு சுருளையும் குளியல் துண்டில் சுற்றிக் கொண்டுவந்திருந்தார்.

"இவ்வளவு நாள் எங்க வச்சிருந்தீங்கம்மா?" என்றேன்.

"குளிக்கிற தொட்டியில. நான் குளிக்கத் தங்கச்சி வீட்டுக்குப் போவேன். அவ போன மாசம் தவறிட்டா. இப்ப எனக்குத் தொட்டி வேணும்." பிறகு என்னைப் பார்த்து, "நீ எந்த ஊரு?" என்றார்.

சொன்னேன். கையில் இருந்த சுருளை மேசைமேல் வைத்துவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"ஓ. உங்களாலதான் எங்கப்பா உருப்படாம போனார். காப்பி இருக்கா?"

அந்தக் குளிர்காலம் முழுவதும் அவர் வாரத்துக்கு ஒரு நாள் பேருந்தில் வந்து, எந்தப் படம் எந்த ஊருக்கு என்று எனக்கு அடையாளம் காட்டினார். எங்கள் ஊர்க்காரர்கள் சொல்லி நான் கேட்டிருந்தது பாதிக் கதை. மறுபாதி அவரிடம் இருந்தது.

ஓட்மார் கெர்லாக், ஜெர்மனியின் ஹெஸ்ஸப் பகுதியில் ஃபுல்டா ஊருக்குப் பக்கத்தில் ஒரு தச்சர் வீட்டில் பிறந்தவர். கோடையில் கல் அடுக்குவார், குளிர்காலத்தில் கட்டடப் பள்ளியில் படிப்பார். பட்டாளத்துக்கு ஆள் எடுக்கிற வயது நெருங்கியதும் கப்பல் ஏறிவிட்டார். மில்வாக்கியில் பீடம் செய்கிற பட்டறை ஒன்றில் வேலை கிடைத்தது. மரத்தில் செதுக்க வேண்டிய தேவதூதர்களை முதலில் காகிதத்தில் வரைந்து கொடுக்க வேண்டும். "இறக்கை வரைஞ்சே கை தேயுது, நான் சுவர் வரையணும்" என்று புலம்பிக்கொண்டிருந்தவர், பட்டறைக்காரரின் மகள் ஃபிலிப்பினாவைக் கட்டிக்கொண்டு செயின்ட் பாலுக்குக் குடிபெயர்ந்தார். வீட்டின் முன்னறையே அலுவலகம். அவர் பென்சிலில் வரைவார். ஃபிலிப்பினா அதை மெழுகேற்றிய துணியில் மையால் படியெடுத்து, சுருட்டி, தகரக் குழாயில் போட்டு, முகவரி ஒட்டி ரயிலில் அனுப்பிவைப்பார். கணவரின் கோட்டைவிட மனைவியின் கோடுதான் சுத்தம் என்று கொத்தனார்களே சொல்வார்களாம்.

ஜெர்மானியக் குடியானவர்கள் காடு திருத்தி ஊர் ஊராக உட்கார்ந்துகொண்டிருந்த காலம் அது. ஊர் உட்கார்ந்ததும் மரப்பலகைக் கோயில், கொஞ்சம் தழைத்ததும் செங்கல் கோயில். கெர்லாக்குக்கு வேலை குவிந்தது. ஆனால் எல்லாருக்கும் ஒரே கோயில்தான் வேண்டியிருந்தது: முன்னால் ஒற்றைக் கோபுரம், இரு பக்கமும் கூர்வளைவுச் சன்னல்கள், "போன வருஷம் அந்த ஊருக்குப் போட்டீங்களே, அதே மாதிரி, கொஞ்சம் சிக்கனமா." வட்டாரத்தில் அதற்குக் 'கெர்லாக் சட்டை' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். அளவு மாறும், தையல் மாறாது. அது அவர் காதுக்கும் வந்தது. ஒரு காது மந்தம் என்றாலும் இந்த மாதிரிப் பேச்சு மட்டும் அந்தக் காதிலேயே நுழைந்துவிடும் என்று எல்ஃப்ரீடா சொன்னார்.

அவருக்கு ஒரு வழக்கம் இருந்தது. கட்டி முடித்த கோயிலில் இருக்கைகள் வருவதற்கு முன், தனியாக உள்ளே போய் நடுவில் நின்று ஒரு வரி பாடுவார். குரல் கட்டைக் குரல். பாடிவிட்டு, நல்ல காதைத் திருப்பிக்கொண்டு காத்திருப்பார். பெரும்பாலும் முகம் சுருங்கத்தான் வெளியே வருவார். சிக்கனத்துக்காகக் கூரையைத் தாழ்த்தச் சொல்லியிருப்பார்கள். தாழ்ந்த கூரை பாட்டைத் தின்றுவிடும்.

அப்படி இருக்கும்போது இரண்டு ஊர்களிலிருந்து ஒரே சமயத்தில் அழைப்பு வந்தது. ஒன்று, மாவு ஆலைகள் நிறைந்த காலின்ஸ் ஃபால்ஸ். அங்கே ஆலை முதலாளி ஆகஸ்ட் ரைனெக்கே வைத்ததுதான் சட்டம். அவர் இரட்டைக் கோபுரம் கேட்டார். இன்னொன்று எங்கள் நியூ ட்ரெஃபர்ட். நாங்கள் சட்டை கேட்டோம், அதிலும் சின்ன அளவில். இரண்டு ஊர்க் கோயில்களுக்கும் பாதுகாவலர் ஒருவரே, புனித கிலியான்.

கெர்லாக் அந்தக் குளிர்காலத்தில் காலின்ஸ் ஃபால்ஸ் கோயிலை வரைந்த மாதிரி எதையும் வரைந்ததில்லை. சாப்பாட்டு மேசைக்கும் பென்சிலோடு வருவார். உயர்ந்த வளைவுக் கூரை, பின்னால் பாடகர் குழுவுக்கு அகன்ற மாடம், பீடத்துக்கு மேல் வெளிச்சம் விழ ஒரு வட்டச் சன்னல். வசந்தத்தில் இரண்டு குழாய்களும் ரயில் ஏறின.

நியூ ட்ரெஃபர்ட்டில் குழாயைப் பள்ளிக்கூடத்தில் வைத்துத் திறந்தார்கள். பங்குச் சாமியார் வெண்டலின் ஸ்ட்ரோ, கட்டடக் குழுவின் தலைவரும் பன்றிப் பண்ணைக்காரருமான கோன்ராட் ப்ளோம், மற்ற குடும்பத் தலைவர்கள் எல்லாரும் இருந்தார்கள். துணியை விரித்ததும் எல்லாரும் மேசையைச் சுற்றிக் குனிந்தார்கள்.

"சாமி, நாம ஒரு கோபுரந்தானே கேட்டோம்?" என்றார் ப்ளோம்.

"ஒண்ணுன்னுதான் எழுதினதா ஞாபகம்."

"உங்க கையெழுத்துல ஒண்ணும் ரெண்டும் ஒண்ணுதானே சாமி" என்று பின்வரிசையில் ஒருவர் சொல்ல, எல்லாரும் சிரித்தார்கள்.

"திருப்பி அனுப்பிடலாமா?" என்று இன்னொருவர் கேட்டார்.

"எதுக்கு?" என்றார் ப்ளோம். "மனுஷன் நம்மளப் பத்திப் பெருசா நினைச்சு வரைஞ்சிருக்கார். நாம போயி, இல்லைங்க, நாங்க அவ்வளவு பெரிய ஆளுங்க இல்லைன்னு சொல்லணுமா? நீ வேணா சொல்லு."

"சரி, இத்தனை கல்லுக்கு எங்க போறது?"

"உன் காட்டுக்குத்தான். வேற எங்க?"

எங்கள் நிலத்தில் பனி உருகினால் முதலில் முளைப்பது கல். ஒவ்வொரு வசந்தத்திலும் பொறுக்கி வேலியோரம் குவிப்போம், அடுத்த வசந்தத்தில் மறுபடியும் அத்தனை கிடக்கும். ஊர் உட்கார்ந்த நாளிலிருந்து குவிந்த கல் அத்தனையும் அந்தக் கோடையில் வண்டி ஏறியது. விதைப்பு முடிந்தவுடன் கடைக்கால் தோண்டினார்கள். ஆண்கள் வெட்ட, பெண்கள் கல் சுமந்தார்கள். ப்ளோமின் மனைவி க்ரெஸென்ஸியா கைக்குழந்தையை வண்டி நிழலில் படுக்க வைத்துவிட்டு நாள் முழுக்கச் சுமந்தாள்.

கெர்லாக்குக்கு இது எதுவும் தெரியாது. அவர் டகோட்டாவில் ஒரு கன்னியர் மடம் கட்டிக்கொண்டிருந்தார். காலின்ஸ் ஃபால்ஸ்காரர்களுக்கும் தெரியாது. அந்த வசந்தத்தில் ரைனெக்கேயின் ஆலை ஒன்று எரிந்துபோனதால் கோயில் வேலையை ஒத்திப்போட்டுவிட்டார்கள். அவர்கள் குழாய் திறக்காமலேயே சாமியார் வீட்டு அலமாரியில் கிடந்தது.

அறுவடை முடிந்து அவர் எங்கள் ஊருக்கு வந்தார். ரயிலடியிலிருந்து ப்ளோமே வண்டி ஓட்டிவந்தார். ஊர் எல்லைக்கு வந்ததும் கெர்லாக் வண்டியை நிறுத்தச் சொன்னார். சோளத்தட்டைக்கு நடுவே சுவர்கள் சன்னல் அடி மட்டத்துக்கு எழுந்திருந்தன. முன்னால் இரண்டு கோபுர அடிகள். அவர் இறங்கி நடந்தார். சுவரைச் சுற்றி ஒரு முறை வந்தார். கல்லைத் தொட்டுப் பார்த்தார். பின்னாலேயே வந்த ப்ளோம், "நீங்க போட்ட கோட்டுக்கு ஒரு விரல்கூட மாறல ஐயா" என்றார். கெர்லாக் ஒரு கல் குவியல் மேல் உட்கார்ந்துவிட்டார்.

ஊர் கூடிவிட்டது. பியர் வந்தது, ரொட்டியும் வறுத்த பன்றி இறைச்சியும் வந்தன. அவர் எதையும் தொடவில்லை.

"உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்" என்றார். "இது உங்க கோயில் இல்ல. காலின்ஸ் ஃபால்ஸுக்கு வரைஞ்சது. குழாய் மாறிடுச்சு."

சாமியார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ப்ளோமின் முகம் கழுத்து வரை சிவந்தது. ஒரு கோடை முழுக்க, தன்னைப் பெரிய மனிதனாக ஒருவர் நினைத்தார் என்ற நினைப்பில் கல் வெட்டியவர் அவர்.

"உங்களோடது சின்னது. அழகாத்தான் இருக்கும். இந்தக் கல்ல வச்சே ரெண்டு வருஷத்துல முடிச்சிடலாம்" என்றார் கெர்லாக்.

க்ரெஸென்ஸியா குழந்தையை இடுப்பு மாற்றிக்கொண்டாள். "மீதிக் கல்ல என்ன பண்றது? திரும்பக் காட்டுல கொண்டுபோய் நடவா?"

"அம்மா, உங்களால இதை முடிக்க முடியாது. கூரை இருக்கு, ரெண்டு கோபுரம் இருக்கு. பத்துப் பதினஞ்சு வருஷம் இழுக்கும்."

"இழுக்கட்டும். நாங்க வேற எங்க போகப்போறோம்?" என்றாள். "நீங்க வருவீங்களா மாட்டீங்களா, அத மட்டும் சொல்லுங்க."

கெர்லாக் சுவரைப் பார்த்தார். பிறகு ரொட்டியை எடுத்துப் பிட்டார். இது ஊரில் எல்லாரும் சொல்கிற கதை. ரொட்டியைப் பிட்டார் என்கிற இடத்தில் கதையை முடித்துவிடுவார்கள், அதுதான் பதில் என்று.

அதற்குப் பிறகு செயின்ட் பால் வீட்டில் நடந்ததை எல்ஃப்ரீடா சொல்லித்தான் கேட்டேன். அவர் அப்போது பள்ளிச் சிறுமி. முன்னறைக் கதவு சரியாகச் சாத்தாது. விஷயம் கேள்விப்பட்டு ரைனெக்கே நேரே வந்துவிட்டார்.

"என் கோயிலப் பன்னித் தொட்டிக்கு நடுவுல கட்டுறாங்களாமே?"

"ஆமா."

"நிறுத்தச் சொல்லுங்க."

"சன்னல் மட்டத்துக்கு வந்துடுச்சு. நிறுத்தச் சொல்ல எனக்கு வாய் வரல. உங்களுக்கு வேற வரையறேன், இதைவிட நல்லா. காசு வேணாம்."

"இதைவிட நல்லா வரைய முடியும்னா முதல்லயே ஏன் வரையல?"

ரைனெக்கே தொப்பியை எடுத்துக்கொண்டு, "பன்னிக்காரன் போட்ட சட்டைக்கு மறுசட்டை எனக்கு வேணாம்" என்று சொல்லிவிட்டுப் போனார். காலின்ஸ் ஃபால்ஸ் கோயிலை சிகாகோவிலிருந்து வந்த வேறொருவர் கட்டினார். ரைனெக்கே இதைப் பேசாத இடமில்லை. பெரிய கோயில் பங்குகள் எதுவும் அதற்குப் பிறகு கெர்லாக்கைத் தேடவில்லை. பள்ளிக்கூடம், சாமியார் வீடு, கல்லறை வாசல், ஒரு தீயணைப்பு நிலையம். சுருள்களைப் பிரிக்கப் பிரிக்க அவர் வாழ்க்கை குறுகிக்கொண்டே போனதை நானே பார்த்தேன்.

"உருப்படாம போனார்னு சொன்னேன்ல, இதான்" என்றார் எல்ஃப்ரீடா. தீயணைப்பு நிலையத்தின் கோபுரத்தை விரலால் தடவிவிட்டு, "இது நல்லாருக்கு இல்ல?" என்றும் கேட்டார். நன்றாகத்தான் இருந்தது.

ஆனால் ஒவ்வொரு கோடையிலும் அவர் எங்கள் ஊருக்கு வந்தார். கல் வளைவுக்கு வழியில்லை என்று மரச்சட்டமும் சாந்தும் வைத்துக் கூரையை மாற்றி வரைந்தார், உயரத்தைக் குறைக்கவில்லை. எவர் வீட்டில் இடம் இருக்கிறதோ அங்கே படுத்துக்கொள்வார். முதல் கோபுரத்துக்குச் சிலுவை ஏறிய வருடம் கோன்ராட் ப்ளோம் மாரடைப்பில் இறந்தார். அதற்குப் பிறகு ஊர் தளர்ந்தது. சில குடும்பங்கள் கனடாவுக்குப் போயின. இரண்டாவது கோபுரத்தை மொட்டையாகவே விட்டுவிடலாம் என்று கூட்டத்தில் பேச்சு எழுந்தது. கெர்லாக்கே எழுந்து, "விட்டுடலாம், தப்பில்ல. பெரிய ஊர்லயே பல கோயில் அப்படி நிக்குது" என்றார்.

"ஐயா, நீங்க உட்காருங்க" என்றாள் க்ரெஸென்ஸியா. கணவருக்குப் பிறகு குழுவில் அவள்தான் இருந்தாள். "ஒத்தக் கோபுரம் வேணும்னா அன்னைக்கே உங்க சின்னக் கோயிலக் கட்டியிருப்போமே."

1912இல் அதுவும் முடிந்தது. இருக்கைகள் வருவதற்கு முன் கெர்லாக் உள்ளே போனார். வெளியே நின்றவர்களுக்குக் கேட்டது: கட்டைக் குரலில் ஒரு வரி, பிறகு அது கூரையில் ஏறி நின்று மெல்ல இறங்கியது. அவர் வெளியே வரவில்லை. இன்னொரு வரி. பிறகு முழுப் பாட்டு. சாமியார் கதவைத் திறந்து பார்த்தபோது அவர் தொப்பியை முகத்தில் வைத்துக்கொண்டு நின்றாராம்.

"வீட்டுக்கு வந்து அம்மாகிட்ட, 'கேக்குது ஃபிலிப்பினா'ன்னார்" என்றார் எல்ஃப்ரீடா. "அம்மா சூப்பக் கலக்கிக்கிட்டே, 'கேக்கும்னு தெரியும்'னா. அவ்வளவுதான் பேச்சு."

எனக்கு அந்த இடத்தில் ஏதோ உறுத்தியது. இத்தனை வருடம் அனுப்பிய குழாய்களில் வேறு எதுவும் மாறியதாக நான் கேள்விப்படவில்லை.

"எல்ஃப்ரீடாம்மா, குழாய்ல முகவரி ஒட்டினது உங்க அம்மாதானே?"

"ஆமா."

"நிஜமாவே மாறிடுச்சா?"

அவர் காப்பிக் கோப்பையைச் சுழற்றிக்கொண்டிருந்தார். "அனுப்புறதுக்கு முந்தின வாரம் ரைனெக்கே வீட்டுக்கு வந்திருந்தார். பாடகர் மாடம் எதுக்கு, அந்த இடத்துல என் குடும்பத்துக்குத் தனி அறை கட்டு, குளிருக்குக் கூரையத் தாழ்த்துன்னார். அப்பா, சரி, கட்டும்போது மாத்திக்கலாம்னுட்டார். அவருக்கு யார்கிட்டயும் இல்லைன்னு சொல்ல வராது. அன்னைக்கு ராத்திரி அம்மா அப்பாவோட பேசவே இல்ல."

"அப்ப வேணும்னேதான்…"

"இரு. அப்பா 1921ல செத்துட்டார். அதுக்கப்புறம் நானே ஒருநாள் அம்மாகிட்ட கேட்டேன். 'கிலியானுக்குன்னு இருந்துச்சு, கிலியானுக்குப் போச்சு'ன்னா. அதுக்கு மேல வாயே திறக்கல. எங்கம்மா குறும்புக்காரியும் இல்ல, மறதிக்காரியும் இல்ல. நான் யோசிச்சு யோசிச்சுப் பாத்துட்டேன். நீ வேணா யோசி."

அப்பாவுக்கு அது தெரியுமா என்று கேட்டேன். "அவர் கேக்கல" என்றார். "கேட்டா பதில் சொல்லிடுவாளோன்னு பயந்திருப்பார்."

மார்ச் மாதம் அடிச்சுருள்களில் ஒன்றைப் பிரித்தபோது சின்னக் கோயில் வந்தது. எங்களுக்கென்று வரைந்தது, காலின்ஸ் ஃபால்ஸ் அலமாரியிலிருந்து எப்போதோ திரும்பி வந்திருக்கிறது. அதைச் சட்டை என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. கோபுரத்தை முன்னால் வைக்காமல் ஓரமாகத் தள்ளி, வாசலுக்கு மேல் தாழ்வாரம் இறக்கி, குளிரில் வண்டியிலிருந்து இறங்கும் பெண்கள் பிள்ளைகளோடு நிற்க இடம் விட்டிருந்தார். எங்களைப் பார்க்காமலேயே எங்களைப் பற்றி யோசித்திருக்கிறார்.

ஜூலையில் கிலியான் திருவிழாவுக்கு எல்ஃப்ரீடாவை அழைத்தேன். அவர் அதுவரை எங்கள் கோயிலைப் பார்த்ததே இல்லை. பூசை முடிந்து கோயில் அரங்கத்தில் சாப்பாட்டு மேசை ஒன்றைத் துடைத்து, சின்னக் கோயில் படத்தின் படியை விரித்தேன். ஊர் மொய்த்துக்கொண்டது.

"நம்மளோடதா இது?" என்றார் ப்ளோமின் பேரன் லோதர். கோயில் கணக்கும் கொதிகலனும் அவர் பொறுப்பு. "சனவரியில சூடு பண்ண எவ்வளவு சுலபமா இருந்திருக்கும்."

"வாசல் நல்லாருக்கு."

"திருவிழாவுக்குப் பாதிப் பேர் வெளிய நிக்கணும்."

"நிக்கட்டுமே, நீ எப்படியும் வெளியதான் நிப்ப."

"ரெண்டுல எது நல்லாருக்கு, அத சொல்லுங்க."

இதில் ஒருவரும் ஒத்துப்போகவில்லை. கண்டிப்பாகப் பெரியதுதான் என்றவர்கள் ஒரு பக்கம், படத்தில் இருக்கிற வாசலுக்காகவே சின்னது என்றவர்கள் ஒரு பக்கம். கூட்டமாக நின்று, இல்லாத கோயிலில் எந்த இருக்கை யாருக்கு என்பது வரை சண்டை போட்டார்கள். லோதர் எல்ஃப்ரீடாவைத் திரும்பிப் பார்த்தார்.

"நீங்க சொல்லுங்கம்மா. உங்க அப்பாவோட கோயில்."

எல்ஃப்ரீடா தட்டில் இருந்த உருளைக்கிழங்கு சாலட்டை முடித்துவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டார்.

"எங்கப்பா வருஷா வருஷம் இங்க வந்துட்டு வீட்டுக்கு வர்றப்ப மாட்டுச் சாணி நாறும்" என்றார். "மூணு நாளைக்கு சிரிச்சுக்கிட்டே இருப்பார். அது எதுக்குன்னு பாக்கத்தான் வந்தேன். இன்னும் கொஞ்சம் சாலட் இருக்கா?"

லோதர் தட்டை வாங்கிக்கொண்டு போனார்.